வரைபடத்தில் ஒரு மூக்கு

“மேடம், இந்த எடத்துல கோடு போடும்போது உங்களுக்குத் தும்மல் வந்துடுச்சா?”

நித்யா இப்படிக் கேட்டபோது நான் ஒடுகத்தூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வன அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். நான் பென்சிலால் செய்த வேலையைக் கணினியால் செய்கிறாள். கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

“எந்த எடம்?” என்றேன்.

“பலாக்கொல்லை பக்கம் மேடம். காப்பகத்து மேப்பை மொத்தமா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். எல்லா எடத்துலயும் கோடு அழகா போவுது. அங்க மட்டும் மூக்கு மாதிரி வெளிய நீட்டிக்கினு கீது. சாஃப்ட்வேர் அதத் தப்புன்னு செவப்பா காட்டுது. அப்பறம் ரெண்டு பச்சைக்கு நடுவுல மஞ்சளா ஒரு பட்டை கீது பாருங்க, புது ஃபார்மட்ல மஞ்சளே கெடையாது. ஒண்ணு உள்ள, இல்லன்னா வெளிய. மஞ்சளப் பச்சையா மாத்திட்டு மூக்க வெட்டிட்டா வேலை முடிஞ்சுது. ஒரே பட்டன். தட்டிடட்டுமா?”

கையில் இருந்த கத்தரிக்காயைக் கூடையிலேயே எறிந்தேன். எறிந்த வேகத்தைப் பார்த்துக் கடைக்காரர், நான் கேட்காமலே விலையைக் குறைத்தார்.

“தட்டின, வெரல ஒடிச்சுடுவேன். மொதல்ல மலைக்குப் போய்ப் பாத்துட்டு வா. அந்த மூக்கு எப்படி வந்துச்சுன்னு நான் எழுதி அனுப்பறேன்.”

கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மஞ்சள் பட்டைக்குள் சின்னப்பாப்பா என்பவளின் புளியமரங்கள் நிற்கின்றன. மஞ்சள் பச்சையாகிவிட்டால் அவள் தன் மரத்தடியில் கால் வைக்கக்கூட முடியாது. மூக்கின் நுனியில் நிற்பது அவள் காட்டுக்குக் கொடுத்த பலாமரம். அவள் கொடுத்ததை வெட்டிவிட்டு, அவளிடம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு பட்டன் போதுமாம். கத்தரிக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு படித்தேன். வனத்துறையில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன் என்பதால் எல்லோரும் “டிராஃப்ட்ஸ்மேன் மேடம்” என்று கூப்பிட்டார்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறார்களே என்று யாரும் யோசித்ததில்லை. முதலில் அமிர்திப் பக்கம் நாற்றங்காலுக்கும் தடுப்பணைக்கும் வரைபடம் போட்டேன். கல்யாணம், பிள்ளைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்த மேசையில் இருந்தபோதே வந்து சேர்ந்தன. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போதுதான், சவ்வாது மலையில் ஒரு வனவிலங்குக் காப்பகம் அமைக்கத் திட்டம் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடவே நம்பி ஐயாவும் வந்தார்.

நம்பி ஐயா எங்கள் புதிய மாவட்ட வன அலுவலர். “சார்” என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் போல இருப்பார். “ஐயா” என்றால் உடனே திரும்புவார். அலுவலகத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றும் காதில் விழக்கூடாது. ஜீப்பை வல்லுந்து என்பார். வந்த முதல் நாள் ஓட்டுநர் பாஷாவைக் கூப்பிட்டு, “வல்லுந்தை எடுங்கள்” என்றார். பாஷா வேலூர்க்காரர், பயந்த சுபாவம். வெளியே ஓடிப்போய் ஜீப்பின் பின்னால் நின்று, இரண்டு கையையும் வைத்து, “உந்தறேன் அய்யா, யாராச்சும் ஸ்டீரிங் புடிங்க. பேட்டரி டவுனா?” என்று கேட்டார்.

வரைபடம் பார்க்கும் விதமும் அவருக்குத் தனி. மேசையில் விரித்தால் பிடிக்காது. தரையில் விரிக்கச் சொல்வார். ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கழுகு மாதிரி கீழே பார்ப்பார். சட்டைப் பையில் இருக்கும் சீப்பை எடுத்து, அதன் நுனியால் காட்டிக் காட்டிப் பேசுவார். தலையில் முடி அதிகம் கிடையாது. அந்தச் சீப்புக்கு வரைபடம்தான் வேலை கொடுத்தது. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்துப் பார்ப்பார், நாக்கு இடறினால் மாற்றுவார். சிரிப்பாக இருந்தாலும் மனிதர் வேலையில் ஏமாற்ற மாட்டார். மலையில் கால் தேயத் தேய நடந்தார், எங்களையும் நடக்க வைத்தார்.

காப்பகத்துக்கு எல்லை போடுவது எப்படி என்று நித்யா மாதிரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்போது அலுவலகத்தில் இருந்த ஒரே கணினியைச் சம்பளப் பிரிவு விடவே விடாது. அதனால் எங்களுக்குக் கையும் கண்ணாடி மேசையும்தான். நிலவரைபடத்தின்மேல் டிரேசிங் தாள் ஒன்றை வைத்து ஓடைகளை நீலத்தில் வரைவேன். இன்னொரு தாளில் விலங்கின் தடயங்கள் சிவப்புப் புள்ளிகளாக வரும். கரடி எச்சம் கிடந்த இடம், புற்றைத் தோண்டிய இடம், மரத்தில் நகம் பதித்த இடம், எல்லாவற்றையும் ஜிபிஎஸ் கருவியில் பதிந்து கொண்டுவந்து தாளில் ஏற்றுவோம். வேறொரு தாளில் மனிதர்களின் இடங்கள் பழுப்பு நிறத்தில் இருக்கும். புளி, பலா, சாமைக் கொல்லை, மாடு மேயும் இடம், ஒற்றையடிப் பாதை, கோயில், சுடுகாடு. கடைசியில் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணாடி மேசைக்குக் கீழே டியூப் லைட்டைப் போட்டால் எல்லாம் ஒரே படமாகத் தெரியும். சிவப்பு மட்டும் நிறைந்த இடம் காட்டுக்கு. பழுப்பு மட்டும் உள்ள இடம் ஊருக்கு. இரண்டும் கலந்த இடத்தில் எங்களுக்குத் தலைவலி.

இன்னொரு விதியும் உண்டு. காப்பகத்தைத் துண்டு துண்டாக வெட்டக் கூடாது, வால் மாதிரி நீட்டவும் கூடாது. முடிந்தவரை பெரியதாக, உருண்டையாக இருக்க வேண்டும். தோசையில் ஓரம்தானே முதலில் காய்கிறது? காட்டிலும் அப்படித்தான். வெயில், காற்று, ஆடு, அரிவாள் எல்லாம் ஓரத்திலிருந்துதான் உள்ளே வரும். சின்னச் சின்னதாக ஊற்றினால் எல்லாத் தோசையும் ஓரமாகவே போய்விடும், மெத்தென்ற நடுப்பகுதியே இருக்காது. நடுப்பகுதியில்தான் கரடி குட்டி போடும். நான் இதைச் சொன்னபோது நம்பி ஐயா முக்காலியிலிருந்து இறங்கிவந்து, “அருமை, அருமை” என்றார். அதோடு நிற்காமல் அறிக்கையிலும் சேர்க்கச் சொன்னார். தோசை இருந்த பக்கத்தை மேலிடத்தில் கிழித்துவிட்டதாகக் கேள்வி.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு தோசை இல்லை, இரண்டு. வடக்கே ஒரு பெரிய காடு, தெற்கே ஒரு பெரிய காடு. நடுவில் குறுகலாக ஒரு கணவாய். புதூர்நாட்டுப் பக்கம் ஜீப்பில் போய், அப்புறம் நடந்து ஏறினால் அந்தக் கணவாய் வரும். அதன் கரையில்தான் பலாக்கொல்லை என்ற சிற்றூர். பலா பழுக்கும் காலத்தில் வடகாட்டுக் கரடிகள் கணவாய் வழியாகத் தெற்கே போகும். அந்த வழி அடைபட்டால் இரண்டு காட்டுக் கரடிகளும் ஒன்றையொன்று பார்க்க வழியே இல்லை. சம்பந்தம் பேச ஆள் கிடைக்காமல் இரண்டு பக்கமும் குலம் சுருங்கிப் போகும். ஆகவே கணவாயையும் சேர்த்துப் பச்சையடித்து, யாரும் நுழையக்கூடாத பகுதியாக முதல் வரைபடத்தைப் போட்டோம். என் கையால் போட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கணவாயில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தபோதுதான் சின்னப்பாப்பாவை முதலில் பார்த்தேன். புளியமரத்தின்மேல் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் புளியம்பழம் கொட்டியதால் நான் நிமிர்ந்தேன்.

“இன்னாம்மா அளக்கற?” என்று மேலிருந்து கேட்டாள்.

“கரடி போற வழிம்மா.”

“கரடிக்கு அது போற வழி தெரியுமே. உனுக்குத்தான் தெரில போலக்கீது. நேத்து நீ இதே எடத்துல சுத்திச் சுத்தி வந்தத நா பாத்துக்கினே இருந்தேன்.”

உண்மைதான், முந்தின நாள் நான் வழி தப்பியிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர் கோட்டம்மா. கோடு போடுகிற அம்மா. ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எல்லை காக்கும் சாமி பெயர் மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்.

அவள் கணவர் காபித் தோட்ட வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். புளியை உலுக்கி, ஓட்டை உடைத்து, கொட்டை எடுத்து, ஒடுகத்தூர் கடைகளுக்குக் கொடுத்துத்தான் மகளை வேலூரில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சாமைக் கொல்லையில் விளைவது வீட்டுச் சோற்றுக்குச் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் புளிதான். எங்கள் பச்சை நிறம் அந்த மரங்களின்மேல் விழுந்திருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் கொடுத்த புளியம்பழத்தை உப்பு தொட்டுத் தின்றபோது பல் கூசியது, மனசும் கூசியது.

ஊர்க்கூட்டம் வந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் சுற்றுப்பட்டுச் சிற்றூர்கள் எல்லாம் கூடின. நம்பி ஐயா தானே எழுதிய அறிவிப்பைத் தானே படித்தார். நுழையக்கூடாத நடுக்காட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் ஆங்கிலத்தில் கோர், பஃபர் என்று சொல்வதற்கு அவர் ஒரு வாரம் யோசித்துத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்திருந்தார். எங்களிடம்கூடக் காட்டவில்லை.

“மலைவாழ் பெருமக்களே! பல்லுயிர் காக்கும் பொருட்டு இம்மலையின் நடுக்காடுகள் கருவறை ஆகின்றன. அவற்றைச் சூழ்ந்த நிலம் திருச்சுற்று ஆகிறது. கருவறைக்குள் எவரும் நுழையலாகாது.”

கூட்டம் கப்சிப். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். அந்த ஊரில் அவர் சொல்தான் சொல்.

“ரொம்ப சந்தோசங்க அய்யா. எந்த சாமிங்க?”

“சாமி இல்லை ஐயா. உயிர்கள்.”

“உயிரோட கீற சாமியா!” என்றார் ஊர்க்கவுண்டர். பின்னால் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது.

“கும்பாபிசேகம் எப்பங்க?” என்று ஒருவர் கேட்டார். “பூசாரி எங்க ஊரு ஆளுதானே?” என்றார் இன்னொருவர். பாஷா என் காதருகே வந்து, “மேடம், அய்யாவ ஒரே ஒரு தபா கோர் ஏரியான்னு சொல்லச் சொல்லுங்க. எல்லாம் சரியாப் பூடும்,” என்றார். நம்பி ஐயா வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றார். தமிழ் அவரை இப்படிக் கைவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நான் எழுந்து விளக்கினேன். காடும் கரடியும் பாம்பும் பறவையும் நிம்மதியாக இருக்க ஓர் இடம், அவ்வளவுதான் என்றேன். ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதத்தாம்மா நாங்களும் சொல்றோம். கருவறைன்னு அய்யா வாயால சொல்லியாச்சு. இனிமே அது கருவறைதான்,” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் உத்தியோகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழக்கமாக எங்கள் நிலத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் மக்கள் கேட்பார்கள். இங்கே பக்கத்துச் சிற்றூர்க்காரர் ஒருவர் பாய்ந்து வந்து, “அவுங்களுக்குக் கருவறை, எங்களுக்கு வெறும் திருச்சுத்தா? நாங்கோ இன்னா எளப்பமா?” என்று சண்டைக்கு நின்றார். சேர்த்துக்கொள்ளச் சொல்லி அடிதடி! இன்னொரு பக்கம் விதிகள் தாமாகவே எழுந்தன. கருவறை எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கறி சமைக்கக் கூடாது. அரிவாள் எடுத்துப் போகக் கூடாது. பிறகு ஊர்க்கவுண்டர் என் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். வடகாட்டின் நடுவே நான் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தேன்.

“இது இன்னாம்மா வூடு மாதிரி கீது?”

“வெளியூர்லேர்ந்து வர்றவங்க தங்கறதுக்கு ஒரு குடில்.”

“கருவறைக்குள்ள லாட்ஜு கட்டுவாங்களா?”

நம்பி ஐயா சீப்பை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அந்தக் குடில் மேலிடத்தின் ஆசை. அவருக்கு அதில் ஒருபோதும் விருப்பம் இல்லை. எப்படி மறுப்பது என்று மாதக்கணக்காகத் தவித்தவர், அன்றைக்குக் கிடைத்த காரணத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் குஷியாக இருந்தபோது கடைசி வரிசையிலிருந்து சின்னப்பாப்பா எழுந்தாள்.

“எம் புளியமரம் எதுல வருது கோட்டம்மா?”

நான் விரலால் காட்டினேன். பச்சை. சொல்ல வேறு வழியில்லை. “கருவறைம்மா.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முன்னால் வந்து படத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ நம்பி ஐயா பக்கம் திரும்பி வழக்கு பேச ஆரம்பித்தாள்.

“அய்யா, சாமி எப்பவும் கருவறையிலயேதான் குந்திக்கினு கீதா? திருவிழாவுக்கு வெளிய வராதா?”

“வரும் அம்மா.”

“தெருவுலதானே வரும்?”

“ஆம்.”

“சாமி வர்ற தெருன்னுட்டு, அந்தத் தெருவுல கீற வூட்டயெல்லாம் காலி பண்ணிட்டு, தெருவையும் கருவறையா ஆக்கிடுவீங்களா? சாமி வர்ற அன்னிக்கு ஒதுங்கி நிப்போம். போனப்பறம் நம்ம வேலைய நாம பாக்க மாட்டோமா?”

நம்பி ஐயா பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்றை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினார். மேலே நின்று வரைபடத்தைப் பார்த்தார். அந்தக் கணவாயையே பார்த்தார். திடீரென்று, “உலா!” என்று கத்தினார். பெஞ்சு ஆடியது, பாஷா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். “அது கருவறை அன்று. உலாப்பாதை! அம்மா, கரடி எந்த மாதத்தில் உலா வரும்?”

என் தலையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. பலா பழுப்பது வைகாசிக்கு மேல். ஆடி வரைக்கும் பழம் இருக்கும். கரடி வழி நடப்பது அப்போதுதான். புளி உலுக்குவது மாசி, பங்குனியில். சித்திரையோடு சின்னப்பாப்பாவுக்கு அந்தக் கணவாயில் வேலை முடிந்தது. சிவப்புத் தாளும் பழுப்புத் தாளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டதாக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோமே, ஒரு தாளிலும் மாதத்தைக் குறிக்கவில்லை. கரடியும் சின்னப்பாப்பாவும் ஒரே வீட்டில் வேறு வேறு ஷிஃப்டில் இருந்தார்கள்.

பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பச்சையை அழித்துவிட்டுக் கணவாய்க்கு மஞ்சள் பூசினேன். கரடி மாதங்களில் ஆள் போகக் கூடாது, மற்ற மாதங்களில் ஊருடைய இடம். ரப்பர் தேய்த்ததில் தாள் கொஞ்சம் பொத்துப் போனது.

அதோடு முடிந்திருந்தால் மூக்கு வந்திருக்காது. ஊர்க்கவுண்டர் விடவில்லை.

“எல்லாம் சரி. உலா வர்ற சாமி தெருவோட போவாம வூட்டுக்குள்ள பூந்தா இன்னா பண்றது?”

எல்லோரும் ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப்பாப்பாவின் கொழுந்தன். அவருக்கு ஒரு காது பாதிதான் இருந்தது. விடிகாலையில் பலாமரத்தடியில் கரடியிடம் மாட்டிக்கொண்டவர். தென்காட்டு ஓரத்தில், ஊருக்குப் போகும் பக்கமாகச் சின்னப்பாப்பாவுக்கு ஒரு பெரிய பலாமரம் இருந்தது. அதன் வாசனைக்குத்தான் கரடி வழியை விட்டு ஊர்ப் பக்கம் வரும். பழத்தை ஆட்கள் முன்கூட்டியே இறக்கிவிட்டால், ஏமாந்துபோய் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரங்களைத் தேடி வரும். இதை மஞ்சள் பென்சிலால் சரிசெய்ய முடியாது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. கணவாயை மொத்தமாக அடைத்து வேலி போட்டுவிடலாம் என்றுகூட ஒரு குரல் வந்தது. அப்படிச் செய்தால் கரடியும் போச்சு, புளியும் போச்சு.

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் பலாதான் அவளிடம் இருந்ததிலேயே நல்ல மரம். தேன் மாதிரி சுளை, நானே தின்றிருக்கிறேன்.

“அந்த மரத்தக் கருவறையில சேத்துடு கோட்டம்மா. சாமிக்குப் படையல்னு வெச்சுக்கோ. அங்கயே வயிறு முட்டத் தின்னுட்டு அப்பிடியே காட்டுக்குத் திரும்பிப் போவட்டும். வூட்டாண்ட கீற மரத்துல காய எல்லாரும் பிஞ்சுலயே எறக்கிடுங்க. ஆனா எம் மரத்துக் காய ஒருத்தரும் தொடக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க கொழுந்தனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்,” என்றாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் அன்றைக்கு மரத்தடிக்கு எதற்குப் போனார் என்பது ஊருக்கே தெரியும் போல. பாதிக் காதோடு அவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு மட்டும் தொழில் புத்தி விடவில்லை. “அந்த ஒரு மரத்துக்காக இழுத்தா, கோடு மூக்கு மாதிரி வெளிய நீட்டுமேம்மா,” என்றேன். என் தோசை விதி என்ன ஆவது?

“மூக்கு இல்லாத மொகம் மட்டும் நல்லாவா இருக்கும்?” என்றாள் அவள்.

மூக்கைப் போட்டேன். பென்சில் அந்த மரத்தைச் சுற்றி வந்தபோது அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “இவ்ளோதானா எம் மரம், கடுகாட்டம் கீது,” என்று மெதுவாகச் சொன்னாள். மகளைப் படிக்க வைக்கும் புளியைக் காப்பாற்ற, ஊரே ஆசைப்படும் பலாவைக் கொடுத்துவிட்டாள். எத்தனையோ எல்லைக் கோடு போட்டிருக்கிறேன். ஒருவர் மனமுவந்து கொடுத்ததற்காக வளைந்த கோடு அது ஒன்றுதான்.

திட்டம் மேலிடம் போய், பல மேசைகளில் தூங்கி எழுந்து திரும்பி வந்தது. கருவறை என்ற சொல்லை அடித்துவிட்டு மையப் பகுதி என்று போட்டிருந்தார்கள். மஞ்சளும் மூக்கும் தப்பித்தன. மூக்கின் நுனியில் எல்லைக்கல் நட்ட அன்று ஊர்க்கவுண்டர் எங்கள் காலையே பார்த்தார். நம்பி ஐயா கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. மலையில் அன்றிலிருந்து அது கருவறைதான். வனக்காவலர்களும் கல்லருகே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எல்லைக்கல் புதரில் மறைந்துபோனால் எனக்குக் கவலையே இல்லை. செருப்பு கிடக்கும் இடத்தைப் பார்த்தால் எல்லை எதுவென்று தெரிந்துவிடும்.

நம்பி ஐயா இப்போது ஓய்வில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் ‘குட் மார்னிங்’ ஒவ்வொன்றையும் திருத்தி அனுப்புகிறார்.

இவ்வளவையும் எழுதி நித்யாவுக்கு அனுப்பினேன். அவள் படித்தாளோ இல்லையோ, மலைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே அழைத்தாள். குரலில் வழக்கமான துடுக்கு இல்லை.

“மேடம், மரம் இல்ல.”

“எந்த மரம்?”

“மூக்கு மரம். போன மழைக் காத்துல வேரோட சாஞ்சுடுச்சாம். காஞ்ச அடிமரம்தான் கீது.”

தரையில் காரணம் இல்லாத கோட்டை வரைபடத்தில் வைக்கக் கூடாது என்று வேலை பார்த்த காலமெல்லாம் பேசியவள் நான். மரம் போனால் மூக்குக்கு வேலை இல்லை. மூக்கு போனால் அன்றைக்குச் செய்த உடன்பாடே கேள்விக்குறியாகும். மஞ்சளைப் பச்சையாக்க வேண்டும் என்பவர்கள் சும்மா இருப்பார்களா? சின்னப்பாப்பாவின் புளி மறுபடியும் என் கண்முன்னே பச்சைக்குள் போனது. மகளுக்கு இப்போது வேலூரிலேயே ஆஸ்பத்திரி வேலை. ஆனாலும் சின்னப்பாப்பா இன்னமும் தன் புளியில்தான் தன் கஞ்சியைக் குடிக்கிறாள், மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

“இருங்க மேடம், இன்னொண்ணு கீது. அடிமரத்தச் சுத்தி ஒரே பலாக்கன்னு. கல்லத் தாண்டி சின்னப்பாப்பாவோட சாமைக் கொல்லை வரைக்கும் வந்துடுச்சு. நெறைய கன்னு. அவங்க ஒண்ணையும் புடுங்காம, கன்னச் சுத்திச் சுத்தி ஏர் ஓட்டிருக்காங்க.”

அதற்குள் தொலைபேசி கை மாறியது.

“கோட்டம்மா, நல்லா கீறியா?” அதே குரல். “கரடி தின்னுட்டுப் போட்ட கொட்டைம்மா, எல்லாம் மொளச்சுக்கினு கீது. சாமி நட்ட கன்ன நா எப்பிடிப் புடுங்குவேன்? கொல்லை போனா போவுது. இந்தப் பொண்ணு மூக்க வெட்டணும்னுட்டு வந்து நிக்குது. நீ சொல்லு அதுங்கிட்ட. மூக்கு பத்தாதும்மா. இந்தத் தபா தொப்பை போடணும்.”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நித்யா மறுபடி பேசினாள்.

“மேடம், மஞ்சள நா தொடல. ஃபார்மட்ல மூணாவது கலர் வேணும்னு எழுதிக் கேக்கப் போறேன். ஆனா தொப்பை போட்டா சாஃப்ட்வேர் இன்னும் செவப்பா கத்தும். அதோட, கன்னு அங்கயும் இங்கயுமா கீது, எங்கேர்ந்து கோடு போடறதுன்னே புரில.”

“நீ இப்ப எங்க நிக்கற?”

“கன்னுங்க நடுவுல, சாமைக் கொல்லையில.”

“கால்ல செருப்பு கீதா?”



“இல்ல மேடம். கல்லுகிட்ட கழட்டலாம்னு இருந்தேன். அதுக்கு ரொம்ப முன்னாடியே, கொல்லை ஓரத்துலயே இவங்க கழட்டச் சொல்லிட்டாங்க.”

“அப்பறம் இன்னா? அந்தச் செருப்பாண்டேர்ந்து கோட்டப் போடு,” என்றேன்.